யார் வீட்டு நாய்

கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளை மேனேஜர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசிப் படகின் மேல் காலைத் தூக்கியது. வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்த நாய்க்கு அக்கா வைத்த பெயர் அது.

"கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே இந்த ஏரி தைரியமா இருக்கலாம்," என்றாள் அக்கா.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பி சிரித்தார். வாரம் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது நல்லாத் தெரியுதா, இதுவா" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவருக்கு இந்த மலையும் ஏரியும் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வந்தது பிடித்திருந்தது. ஓடை ஏரியில் விழும் இடம் வரை மூவரும் போனார்கள். மேனேஜர் தலைப்பிரட்டைகளைக் கண்டு மிரண்டது. அவர் குனிந்து அதன் கழுத்திலிருந்த சுருக்குக் கயிற்றைக் கழற்றிவிட்டார்.

"போர்டு பாத்தியா? கயித்துல புடிச்சுட்டுப் போகச் சொல்லிருக்கு."

"இங்க யாருக்கா இருக்காங்க."

முழங்கால் வலி என்று அக்கா காருக்குத் திரும்பினாள். அவர் நாயோடு பாறைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பாறைகளுக்கு அந்தப்புறம் ஆட்கள் இருந்தார்கள். விரிப்பு, சாப்பாட்டு டப்பாக்கள், கரையில் இழுத்துவிட்ட வாடகைப் படகு, ஒரு பெரிய ஆள், மனைவி, கையில் பிஸ்கட்டோடு சிறு பெண். அவர் கூப்பிடுவதற்குள் மேனேஜர் பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை. பிஸ்கட்டுக்குத்தான் தாவியது. பெண் கூழாங்கற்கள் மேல் விழுந்தாள், முழங்காலில் ரத்தம். தகப்பன் கைக்குக் கிடைத்த துடுப்பை எடுத்து நாயை ஓங்கி ஒரு அடி போட்டான். ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல் சத்தம் வந்தது.

"சார், உங்க நாயா?"

யோசிப்பதற்கு முன்பே அவர் கை கயிற்றைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தது.

"இல்லையே. வழியில கூட வந்துச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார். "தெரு நாய் போலருக்கு."

மேனேஜர் நொண்டிக்கொண்டே வந்து அவருடைய செருப்பின் மேல் உட்கார்ந்தது. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"உங்ககிட்டதான் வருது?"

"எல்லார்கிட்டயும் போகும்போல."

தகப்பன் படகுக் கயிற்றால் நாயை மரத்தில் கட்டினான். "வாட்ச்மேன்கிட்ட சொல்லி நாய் புடிக்கற வண்டிய வரவழைக்கறேன். புடிச்சுட்டுப் போகட்டும்."

"அதான் நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பின்னாலிருந்து ஒரு குரைப்பு வந்திருந்தால் திரும்பியிருப்பேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டார். மேனேஜர் குரைக்கவில்லை. அவர் எங்கே போனாலும் திரும்பி வருவார் என்பதில் அதற்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

கார்க் கதவைத் திறந்து வைத்து அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். "மேனேஜரு எங்கடா?"

சொன்னார். சொல்லும்போது தகப்பனுடைய உயரத்தையும் துடுப்பையும் கொஞ்சம் பெரிதாக்கினார். அக்கா பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள்.

"நான் விழுந்து கெடந்தாலும் யாருன்னு தெரியாதுன்னுதான் சொல்லுவியா?"

"அக்கா..."

"போய்க் கூட்டிட்டு வா. நான் வரல."

திரும்பும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பாவமாக இருக்கிறது, நான் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று சொன்னால் போதும். நாயும் வந்துவிடும், மானமும் போகாது. நடை லேசாயிற்று. அப்படி லேசானது அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை.

மரத்தடியில் அந்தக் குடும்பமே நாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பெண்ணின் முழங்காலில் கைக்குட்டை. தகப்பன் டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி நாயின் வாய்க்கருகில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க சார்," என்றாள் மனைவி, "கழுத்துல முடி அமுங்கின தடம். யாரோ வளத்துருக்காங்க. வேணாம்னதும் மலையேத்திக் கொண்டாந்து விட்டுட்டானுங்க. எந்தப் படுபாவியோ."

"நான் வேற அடிச்சிட்டேன்," என்றான் தகப்பன், முகத்தைத் தூக்காமல். "புள்ள ரத்தத்தப் பாத்ததும் புத்தி போயிடுச்சு. வண்டிக்காரன்கிட்ட குடுக்க மனசு வரல. நாங்க இருக்கறது வாடகை வீடு, ஓனரு நாய் வச்சுக்க விடமாட்டாரு, அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

தயாராக வைத்திருந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து அழகாக வந்தது. "நான் கொண்டுபோறேன். வீட்ல எடமிருக்கு."

தகப்பன் எழுந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். துடுப்பை ஓங்கிய அதே கைகள்தான் என்றாலும் இப்போது ஈரமாக, இளகியிருந்தன. "பெரிய மனசு சார் உங்களுக்கு. நெஜமா சொல்றேன். உங்கள மாதிரி ஆளப் பாக்கறது கஷ்டம்."

கயிறு அவிழ்ந்தது. மேனேஜர் நேராக வந்து அவர் முழங்காலில் முழு உடம்பையும் சாய்த்து நின்றது.

"அதுக்கு இவரத் தெரியும்மா," என்றாள் பெண்.

"நல்லவங்கள நாய்க்குத் தெரியும் கண்ணு," என்றாள் அம்மா.

"அப்படியே நில்லுங்க சார். ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எங்க ஆளுங்ககிட்ட காட்டணும்." தகப்பன் போனை உயர்த்தினான். "கொஞ்சம் சிரிங்க."

வெயில் சரிந்து ஏரி முழுக்கத் தகடாக மின்னியது. அவர் கண்கள் கூசின.

"ஒரு நிமிஷம்," என்றார். "ஒண்ணு சொல்லணும்."

"எடுத்துட்டுக் கேக்கறேன் சார், வெளிச்சம் போயிடும்." போன் இறங்கவில்லை. காலடியில் மேனேஜர், அடிபட்ட பக்கத்தை அவர் மேல் படாமல் மெல்ல மாற்றி வைத்து, தலையை நிமிர்த்தி, போனைப் பார்த்து நின்றது.