நீலச் செருப்பு

ஆபீஸ் வேன் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய பிறகுதான் காயத்ரி தன் கால்களைப் பார்த்தாள். நீல ரப்பர் செருப்பு. சமையலறையில் இருக்க வேண்டியது.

"இன்னா மேடம், கோயில்ல செருப்பு மாறிப்போச்சா?" டிரைவர் ஜான்சன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. வீட்டில் மாமியார் விஜயகுமாரி இருந்தாள். நான்கு வயது மகள் இருந்தாள். பழைய மிக்ஸி இருந்தது. செருப்பு இங்கே இருந்தது.

அந்த மிக்ஸி அவளுடைய அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. இரும்பு உடம்பு, பச்சைப் பெயிண்ட், இரண்டே முள் வைத்த பிளக். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் அவர்கள் தெருவுக்கு அதுதான் முதல் மிக்ஸி. முதல் நாளே ஈரக்கையோடு தொட்ட அம்மாவைச் சுவரில் தூக்கி அடித்தது. எர்த் கொடுக்க வேண்டும் என்ற எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டு, அப்பா ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்தார். யாரும் செருப்போடு நுழையாத சமையலறையில் அந்த ஜோடி மட்டும் மேடைக்கு அடியில் கிடந்தது. தேய்ந்தால் வேறு ஜோடி வந்தது. மிக்ஸி மாறவில்லை. ஷாக் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதுகூட இல்லை. மிக்ஸி போடப் போனால் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

அம்மா போன பிறகு அது அணுபுரத்தில் காயத்ரியின் வீட்டுக்கு வந்து பரணில் ஏறியது. நேற்று புது மிக்ஸி புகைந்துபோனதால் இறக்கினாள். செருப்பும் வாங்கினாள். இன்று சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது வேன் ஹாரன் அடிக்க, அப்படியே ஓடிவந்துவிட்டாள். மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குத் தோன்றியதில்லை.

"நீ கெளம்பு, தேங்கா அரைச்சு நான் கொழம்பு வெச்சுடறேன்" என்று மாமியார் சொல்லியிருந்தாள். கை ஈரமாக இருக்கும். வெறுங்கால். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்தபடி நிற்கும்.

மாமியாருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கணவன் கார்த்தி ஷிப்டில் இருந்தான். பக்கத்து வீட்டு ஜாக்குலினைக் கூப்பிட்டாள்.

"எங்க வூட்டுக்கு ஓடு. மிக்ஸியத் தொடக் கூடாதுன்னு அத்தகிட்ட சொல்லு. யாராவது விழுந்து கெடந்தா தொடாத. மொதல்ல மெயின ஆஃப் பண்ணு."

"அய்யோ, இன்னாக்கா ஆச்சு?"

"ஓடுடி!"

"அண்ணாத்த, நிறுத்து" என்றாள். ஜான்சன் நிறுத்தினான். எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்குக் கை காட்டும்போது போன் வந்தது. மாமியார்.

"இன்னாம்மா, ஜாக்குலின் கதவ ஒடச்சுகினு வரா?"

"அத்த, மிக்ஸி போட்டீங்களா?"

"போட்டேனே. ஜிவ்வுனு இழுத்துச்சு. ஒங்க வூட்டுச் சீராச்சே, சும்மா வுடுமா?" மாமியார் சிரித்தாள். "எங்கம்மா வூட்டு ஹீட்டரும் இப்படித்தான். மிக்ஸியக் கீழ எறக்கி வெச்சு, மர மணையப் போட்டு, கால மடக்கி மேல குந்திகினேன். அரைச்சாச்சு."

காயத்ரிக்கு மூச்சு வந்தது.

"குழந்தை?"

"கெட்டிம்மா அது. ஒரு தபாதான் காட்னேன், கத்துகிச்சு."

"இன்னா கத்துகிச்சு?"

மாமியாரின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், மிக்ஸி உறுமியது.

"அத்த, நீங்க எங்க இருக்கீங்க?"

"வாசல்ல, ஜாக்குலின்கூட…"

போன் விழுந்தது. ஓடும் சத்தம். ஜாக்குலினின் அலறல். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பஸ் வந்து நின்று, அவள் ஏறாததால் போய்விட்டது.

மிக்ஸிச் சத்தம் சட்டென்று அறுந்தது. காயத்ரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அழுகை கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

பிறகு குழந்தையின் குரல் வந்தது, கோபமாக.

"ஏன் ஆஃப் பண்ண? நான் மணை மேலதான குந்திகினு கீறேன்?"