லாமியாவின் கண்கள்

புலம்பெயர்ந்தவர்களின் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டபோது சந்திரவதனா லாமியாவைத்தான் தேர்ந்தெடுத்தாள். 1993. கிரேக்கக் கதைகளில் அதிகம் பேர் அறியாத பேய் அது. முதலில் லாமியா ஓர் அரசி. ஸியூஸ் கடவுள் அவள்மேல் ஆசைப்பட்டதால் அவன் மனைவி ஹீரா அவளுடைய பிள்ளைகளைக் கொன்றுவிட்டாள். அந்தத் துக்கத்தில் அரசி பேயாகி, மற்றவர்களின் பிள்ளைகளைத் தின்னத் தொடங்கினாள். கண்மூடித் தூங்கவும் முடியவில்லை. இரங்கிய ஸியூஸ், கண்களைக் கழற்றிவைத்துத் தூங்க வரம் கொடுத்தான்.

"மெடூசா எண்டால் சனத்துக்குத் தெரியும். தலையிலை நாலு பாம்பை வைச்சால் காணும்" என்றார் விழாக்குழுத் தலைவர் தியாகராஜா.

"இது ஒரு தாயின்ரை கதை அண்ணை. பாம்பு வேண்டாம்."

அதற்குப் பிறகு எல்லாமே இழுபறி. ஒத்திகைக்கு நோர்பரி மண்டபத்தைப் பாட்மின்டன் ஆடுகிறவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஹீராவாக நடித்த சிவகௌரி, ஷிப்ட் மாறிவிட்டதென்று பாதியில் நின்றுவிட்டாள். அவளுடைய வசனத்தையும் சந்திரவதனாவே பாடமாக்கினாள். லாமியாவாக நடித்த எமில்டா மட்டும் ஒத்திகைக்குத் தவறாமல் வந்தாள். ஊரில் ஷெல்லடியில் மகனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு இந்த வேடத்தைக் கொடுக்கச் சந்திரவதனா தயங்கியபோது, "நான்தான் செய்வன்" என்று கேட்டு வாங்கினாள்.

விழாவன்று மைக் கரகரத்தது. கண் கழற்றும் கட்டத்தில், கண்களாக முகத்தில் ஒட்டியிருந்த பிங்பொங் பந்துகளை எமில்டா பிடுங்கினாள். ஒன்று கைநழுவி, துள்ளித் துள்ளி முன்வரிசைக்குள் ஓடியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எமில்டா தடவித் தடவி மேடையோரம் வந்து, "என்ரை கண்ணைத் தாங்கோ பிள்ளையள்" என்றாள். யாரும் எழுதாத வசனம். பெரியவர்களும் சேர்ந்து சிரித்ததில் மண்டபம் அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால் சந்திரவதனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாம் நாசமாப் போச்சு அக்கா. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை."

எமில்டா முகப்பூச்சைத் துடைத்தாள். "விளங்காட்டிப் போகட்டும். மகன் போனபிறகு என்னைக் கண்டாலே சனம் குரலைத் தாழ்த்திப்போடும். எனக்கு முன்னாலை ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. இண்டைக்குத்தான் சிரிச்சவை."

ஆனாலும் சந்திரவதனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தியாகராஜா முகமெல்லாம் பல்லாக வந்தார். "நல்ல பகிடி நாடகம்! வாற வருசமும் இப்பிடி ஒண்டு போடுங்கோ."

சந்திரவதனா அவரை முறைத்தாள். எமில்டா முந்திக்கொண்டாள்.

"ஓம் அண்ணை. பேய் வேசம் எனக்குத்தான்."