படத்தில் போட்ட முடிச்சு

தடாலென்று ஜட்கா வண்டி வாசற்படியில் மோதி நின்றது. மாடியில் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த குமாரசாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வந்துவிட்டார்கள்!

சேலம் கடைவீதியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை அவருடையது. கீழே சாமி படங்கள். மாடியில், இந்தக் காலத்துச் சித்திரக்காரர்களுக்கென்று புதிதாகத் திறந்த கூடம். பட்டணத்துக் கண்காட்சிக்கு ஒரே ஒரு படம் தேர்ந்தெடுக்க இன்று ஒரு பெரிய மனிதர் வருகிறார். சித்திரக்காரர் தோமினிக் வரைந்த தறிப் படம்தான் போகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் குமாரசாமிதான்.

அந்தப் படத்தில் ஆளே கிடையாது. வெறும் தறி, பாதி நெய்த சேலை, பாவு நூல்களில் அறுந்து தொங்கும் ஓர் இழை. நேற்றுச் சட்டம் போடும்போது அந்த இழை அவர் கண்ணை உறுத்தியது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். இழை அறுந்து கிடந்தால் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சட்டத்துக்குப் பூசும் வர்ணத்தைத் தொட்டார், இழையைச் சேர்த்தார், முடிச்சும் போட்டார். கை கழுவும்போதுதான் செய்த காரியம் உறைத்தது.

தோமினிக் படியேறி வந்தார். கூடவே படத்திலுள்ள தறிக்குச் சொந்தக்காரி, வெண்ணந்தூர்க் கந்தம்மாள்.

"என்னங்க முதலாளி, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் வேர்த்துக் கொட்டுது?" என்றார் தோமினிக்.

குமாரசாமி பல்லைக் காட்டினார். சொல்லிவிடலாமென்று வாயெடுப்பதற்குள் பெரிய மனிதரின் கார் வந்துவிட்டது.

அவர் தறியின் முன் நின்றார். "வேலை சுத்தம்தான். ஆனா தறி தறியாத்தானே இருக்கு? இதுல என்ன சொல்ல வர்றீங்க?"

தோமினிக் அருகில் வந்து பார்த்தார். முடிச்சைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று. இழை அறுந்திருந்தது என்று இப்போது சொன்னால் படம் பிழைக்கும். கூடத்தின் பேர் கெடும். குமாரசாமி துணியை எடுத்து வேறொரு சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பெரிய மனிதர் பக்கத்திலிருந்த ஏற்காட்டு மலைப் படத்தை, இதுவே போகட்டும் என்று தட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கார் ஓசை அடங்கிய பிறகுதான் குமாரசாமி துணியைக் கீழே வைத்தார். "நான்தானுங்க தோமினிக். அறுந்த இழையப் பாத்தா இந்தப் பாழாப்போன கை சும்மா இருக்குமுங்களா? நேத்து முடிச்சுப் போட்டுட்டேன்."

கந்தம்மாள் படத்தருகே போய், கண்ணாடிக்கு மேலாகவே அந்த முடிச்சை விரலால் தடவினாள்.

"இந்த இழைய முடியறதுக்குத்தானுங்க எங்க ஊட்டுக்காரரு குனிஞ்சாரு, அப்புறம் நிமிரவே இல்லீங்க."