பாதி வெந்த கோப்பை

அண்ணி வேலை முடிந்து வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனின் தட்டுக்கு எதிரே வைத்தாள். முகம் கழுவக்கூடப் போகவில்லை.

அண்ணன் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருக்கிறான். எரிவாயு ஏற்றிவரும் கப்பல்களைக் கயிறு கட்டிக் கரை சேர்ப்பது அவன் வேலை. அந்த வாயு குழாய் வழியாக அண்ணி வேலை செய்யும் பீங்கான் ஆலைக்குப் போகிறது. போன வருடம் மாதம் நான்கு கப்பல் வந்தது. இப்போது இரண்டு வந்தால் பெரிது. சுற்றியுள்ள நாடுகளெல்லாம் ஒரே கப்பலுக்குக் கை நீட்டுகின்றன. யார் கூடுதல் விலை சொல்கிறார்களோ, நடுக்கடலிலேயே அவர்கள் பக்கம் அது திரும்பிவிடுகிறது. அதனால் கப்பல் வருவது உறுதியானால்தான் சூளையை மூட்டுவார்கள். மூட்டினால் இரண்டு நாள் விடாமல் எரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அண்ணன், "நாளைக்குக் கப்பல் வருது, எங்க படகுக்கு உத்தரவு வந்தாச்சு" என்றான். அண்ணி உடனே மேற்பார்வையாளருக்கு போன் செய்தாள். அவரும் நம்பிச் சூளையை மூட்டினார். மறுநாள் மத்தியானம் கப்பல் பக்கத்து நாட்டுக்குத் திரும்பியது. சாயங்காலம் சூளை அணைந்தது. நாலாயிரம் கோப்பைகள் பாதி வெந்து நின்றன.

"இனிமே உங்க வீட்டு வானிலை அறிக்கை வேண்டாம்மான்னு எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டாரு" என்றாள் அண்ணி. "திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. வேலைக்கா, வேலைய விட்டு அனுப்பறதுக்கான்னு சொல்லல."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உத்தரவு வந்துச்சா, இல்லையா?"

"தயாரா இருங்கன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பதினோரு நாளா வேலை இல்லாம அந்த ஜன்னல் பக்கமே உக்காந்திருந்த. பார்க்க முடியல."

தயாராக இருக்கத்தான் சொன்னார்கள் என்பது எனக்கு அன்றே தெரியும். செவ்வாய்க்கிழமை அவன் துறைமுக அலுவலகத்தோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி அன்று பாட்டு முணுமுணுத்தபடி சீருடையைத் தேய்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி செம்பிலிருந்து கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெளிப்பக்கம் மெல்ல நிறம் மாறி, வியர்ப்பதுபோல் துளிர்த்தது. மேசையில் ஈர வளையம் படர்ந்தது.

அண்ணன் இடது கையால் கோப்பையைத் தூக்கி, அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். அண்ணி துணி எடுக்கப் போகவில்லை. அவன் விரல் இடுக்குகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.