படத்தின் வலது ஓரம்

கல்யாணமாகி நான் போளூரிலிருந்து பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் சீனு, தங்கள் கால்பந்து அணிக்கென்று ஓர் இணையதளம் தயார் செய்தார். அணியின் பெயர் மார்னிங் ஸ்டார். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் இரண்டே. அதனால் இவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஜன்னலில் வரிசையாகத் தலைகள் தெரியும். நீலப் பின்னணி, மேலே உருண்டுகொண்டே இருக்கும் ஒரு பந்து, அதன் கீழே ஓடுகிற மஞ்சள் எழுத்துகள். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டும் எண் ஒன்று அடியில் இருந்தது. அதை ஏற்றியதெல்லாம் நாங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எண் மூன்றிலக்கமானபோது மைதானத்தில் கேசரி கிளறிக் கொடுத்தார்கள்.

தளத்தில் இருந்தது ஒரே ஒரு படம். அந்த வருஷத்து இறுதி ஆட்டம் முடிந்த கையோடு எடுத்தது. ஆட்டத்தில் இவர்கள் தோற்றிருந்தார்கள். பெனால்ட்டியில் கடைசி உதை பிரபாவினுடையது. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

பிரபா என்கிற பிரபாகர் இவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். காலையில் பால் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுவார். புது இடம், மொழியும் பாதி புரியாது என்று நான் மிரண்டிருந்த நாட்களில், கடைக்காரரிடம் கன்னடத்தில் எப்படிக் கேட்க வேண்டும் என்று வாசலில் நின்றபடி சொல்லித்தந்தது அவர்தான். படம் தளத்தில் ஏறிய மறு வாரம் அவர் வருவது நின்றது. அவமானமாக நினைக்கிறான், நாமாகப் போய்க் கிளற வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றார் இவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கொஞ்ச நாளில் பிரபா ஜீவனஹள்ளிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். அதோடு இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது அந்தப் பேச்சு வரக் காரணம் மைக்கேல்ராஜ். அணியின் கோல்கீப்பர். வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கும் மகள் தீபிகாவோடு தங்கிவிடுவதென்று முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார். போவதற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் அதே பதினோரு பேர் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிரபா வராவிட்டால் படமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவரைக் கூட்டிவரும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. போன் செய்தால் பிரபா எடுக்கவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மியை எப்போதாவது நான் பார்ப்பதுண்டு. அவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

இவர் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டார். இலவசமாக இடம் கொடுத்திருந்த அந்தத் தளம் எப்போதோ மூடிப்போயிற்று. ஆனால் பழைய பக்கத்தை மட்டும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி இவர் காப்பாற்றி வைத்திருந்தார். அந்த உருளும் பந்தைப் பார்த்தால் பிரபா இளகிவிடுவார் என்று இவருக்கு நம்பிக்கை. ஹலசூர் சிக்னலில் நின்றபோது, மழையில் சேறு பூசிக்கொண்டு பயிற்சி செய்த கதையை மறுபடி சொன்னார். எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

பிரபா கதவைத் திறந்தார். மீசை வெளுத்திருந்தது. ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். "வாங்க சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னார். இவரிடம் நாற்காலியைக் காட்டினார். இவர் மைக்கேல்ராஜ் ஊருக்குப் போவதையும், ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டையும், யார் யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லி முடித்தார்.

"எனக்கு எதுக்குடா படம்?" என்றார் பிரபா. "அப்ப எடுத்த படத்துலயே நான் இல்ல."

"இல்லையா? கடைசில நிக்கறியே."

"நின்னேன். நான் வேணாம்னுதான் சொன்னேன். மைக்கேலுதான் பனியனப் புடிச்சி இழுத்து நிக்க வெச்சான். கூப்ட்டு நிக்க வெச்சிட்டு அப்புறம் வெட்டிட்டீங்க. ஒரு கோலு போடலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

யாருடா வெட்டினது என்று கேட்டார் இவர். பிரபா விவரமாகச் சொன்னார். படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் ஆடுகோடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அன்றுதான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, கடைக்காரரையே பக்கத்தைத் திறந்துதரச் சொல்லிப் பார்த்தால், படத்தில் பத்துப் பேர்தான். மீதி நேரம் வேண்டாம் என்று உடனே எழுந்து வந்துவிட்டார்.

இவர் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தார். இந்தக் காலத்துத் திரையில் அந்தப் பழைய பக்கம் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு சின்னதாகத் தெரிந்தது. மீதி இடமெல்லாம் வெறும் நீலம். படத்தில் பதினோரு பேரும் இருந்தார்கள். வலது ஓரத்தில் பிரபா.

பிரபா எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். "இப்ப சேத்திருக்க. கம்ப்யூட்டர்ல ஒட்டறது எனக்குத் தெரியாதா? என் பொண்ணு என்னைத் தாஜ்மகால் முன்னாடியே நிக்க வெச்சிருக்கா."

இவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்ய ஆரம்பித்தார். பிரபா அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த ஆடுகோடி கடை ஞாபகத்துக்கு வந்தது. மஸ்கட்டிலிருந்த என் அண்ணனுக்கு மெயில் எழுத நானும் அங்கேதான் போவேன். வீட்டுக் கம்ப்யூட்டர் எனக்கு எப்போது காலியாக இருந்தது? கடையில் இருந்ததெல்லாம் பெட்டி பெட்டியான பழைய மானிட்டர்கள். புதிதாக வருகிறவர்கள் பயப்படக் கூடாதென்று கடைக்காரர் எல்லாவற்றிலும் எழுத்தை அவரைக்கொட்டை அளவுக்குப் பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தார். அதனால் எந்தப் பக்கமும் திரைக்குள் அடங்காது. அண்ணன் எழுதிய வரி பாதியில் வலது பக்கம் வெளியே போய்விடும். அடியில் இருக்கிற பட்டையை இழுத்து வரியின் வாலைப் படித்து, மறுபடி இந்தப் பக்கம் தள்ளி அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். இவரோ வீட்டில் தன் திரையின் அகலத்தை அளந்து படத்தை அதற்குச் சரியாக வைத்திருந்தார்.

"அந்தக் கடையில பக்கம் முழுசாத் தெரியாதுண்ணா. கொஞ்சம் இருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன். ரெசல்யூஷன் என்ற இடத்தில் நிறைய எண்கள் வரிசையாக இருக்கும். இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு திரும்பி வந்தது. எழுத்தெல்லாம் ஊதிப்போயிருந்தது. அது போதவில்லை. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸ் பொத்தானை இன்னும் இரண்டு தரம் தட்டினேன். படம் பெருத்துப் பெருத்து அதன் வலது ஓரம் திரைக்கு வெளியே போயிற்று.

பத்துப் பேர். கடைசியில் மைக்கேல்ராஜ், அவர் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அன்றைக்குப் பிரபா எல்லோரையும் விட்டு ஓரடி தள்ளி நின்றிருக்கிறார். திரை முடிந்தது சரியாக அந்த இடைவெளியில். ஓர் ஆள் குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

பிரபா எழுந்து கிட்டே வந்தார்.

"இதான்" என்றார். "இதான் நான் பாத்தேன்."

அடியில் இருந்த சாம்பல் நிறப் பட்டையைக் காட்டி, அதைப் பிடித்து இழுங்கள் என்றேன். அந்தப் பெரிய விரலுக்கு அது சட்டென்று அகப்படவில்லை. பிறகு படம் மெல்ல நகர்ந்தது. மைக்கேல்ராஜின் மணிக்கட்டு, மூடின கை, கைக்குள் சுருட்டிப் பிடித்த பனியன், அப்புறம் பிரபா. ஒல்லியாக, நெற்றியெல்லாம் முடி விழ, கேமராவைப் பார்க்காமல் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு.

காப்பியோடு வந்த ஸ்ரீலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டார். "இவ்ளோ முடி இருந்துச்சா உங்களுக்கு?" என்றார்.

பிரபா பட்டையை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். அவர் திரைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார்.

"கீழ ஒரு பட்டை இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியேடா."

இவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். பிரபா சிரிக்கவில்லை.

"படம் சரி, சீனு. ஆஸ்டின் டவுன்லேந்து ஜீவனஹள்ளிக்கு எவ்ளோ தூரம்? ஏண்டா வரலன்னு ஒரு பய வந்து கேட்டீங்களா? திட்டக்கூட இல்ல. ரோட்ல பாத்தா பெட்ரோல் வெல பேசறீங்க. அப்பதான் எனக்கு உறுதியாச்சி, வெட்டித்தான் விட்டாங்கன்னு."

"உனக்கு நோகுமேன்னு…" என்று ஆரம்பித்தார் இவர்.

"நீங்களும்தான் போய்க் கேக்கல. உங்களுக்கு வாயில்லையா?" என்றார் ஸ்ரீலக்ஷ்மி பிரபாவிடம், தட்டை வைத்தபடியே. இரண்டு ஆண்களும் காப்பியைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

இவர் தன் போனை எடுத்து மைக்கேல்ராஜைக் கூப்பிட்டார். ஓர் ஆள் பேசணுமாம் என்று மட்டும் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுப் பிரபாவிடம் நீட்டினார்.

"மைக்கேலு, பிரபா பேசறேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தத்துக்கு நடுவே மைக்கேல்ராஜின் குரல் வந்தது.

"எந்தப் பிரபா? பெனால்ட்டிய ஆகாசத்துக்கு அடிச்சானே, அவனா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் பிரபாவின் பெயரோடு அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொன்னதே இல்லை. அவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று தெருவிலும் சொன்னதில்லை. பிரபா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அத நான் விட்டேன்" என்றார் நிதானமாக. "அதுக்கு முன்னாடி ரெண்டு பந்து உன் கால் சந்துல போச்சே, அத யார்டா விட்டது? உங்க மாமனா?"

"மழைடா. தரை வழுக்கிச்சி."

"உனக்கு மட்டும் மழையா? நான் என்ன கொடை புடிச்சிகிட்டா ஒதச்சேன்?"

பிரபா போனோடு எழுந்து வாசலுக்குப் போனார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. முதல் பாதியில் யார் யாருக்குப் பந்தைக் கொடுக்காமல் தின்றது, எது கார்னர், எது இல்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. நடுவில் இவர் போய் ரெஃப்ரியைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தார். நீ சும்னே இருடா, உனக்கு ஆஃப்சைடே தெரியாது என்று பாதிக் கன்னடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடக்கிவிட்டார்கள். இவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையா சாயங்காலமா என்று ஸ்ரீலக்ஷ்மி என்னிடம் கேட்டார். காலை என்றேன். அணியின் நீல பனியன் அங்கேயே தருவார்களா, பிரபாவின் அளவுக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அதற்கும் சொன்னேன்.

"வரேன், வரேன். ஆனா ஓரத்துல நிக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. மைக்கேல்ராஜ் என்ன பதில் சொன்னாரோ, அதற்குப் பிரபா சொன்னதை எழுத முடியாது.

ஸ்ரீலக்ஷ்மி ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு மறுபடி சுட வைக்க உள்ளே போனார்.