மூன்று வார்த்தைக்காரர்

கணவருடைய பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துத் தன் காலுக்குச் சரிசெய்துகொண்டிருந்தாள் அவள். காலையில்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் தங்கை.

"மலைக்கு. காலையில வந்தவங்கல்லாம் அவர் நடந்த பாதையில ஒரு தடவை நடக்கப் போறாங்களாம்."

"முழங்கால் வலின்னு மாடிப்படியே ஏறமாட்ட. இன்னைக்கா போகணும்?"

இன்றைக்குத்தான் போக வேண்டும். அடக்கத்துக்கு வந்த பன்னிரண்டு பேர் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். காட்டுத்தீயில் கருகிய மலை மறுபடி எப்படித் துளிர்க்கிறது என்று ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் மூன்று வருடமாக அவர் வேலை. அவரோடு நடந்தவர்கள் இவர்கள். "என்னமா பேசுவாரு! நாலு மணி நேரம் போறதே தெரியாது" என்று ஆளாளுக்கு அழுதார்கள்.

நாலு மணி நேரமா? வீட்டில் அவருக்கு மூன்றே வார்த்தைதான்: சாவி, சாப்பாடு, சரி. கதவைச் சாத்தும் ஓசையை வைத்துத்தான் கோபமா அசதியா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று முப்பது வருடம் இருந்த மனிதர், அத்தனை முத்தையும் மலையில் போய்க் கொட்டியிருக்கிறார்.

அவரோடு வேலை பார்த்த இன்னொரு வழிகாட்டி, நாற்பது வயதுப் பெண், முன்னால் நடந்தாள். கருகிய மரமொன்றின் அடியில் விரல் நீளத்துக்குத் துளிர்கள்.

"அண்ணன் இங்க நின்னு சொல்வாரு, 'மரம்தான் செத்த மாதிரி இருக்கு, வேர் இன்னும் ராஜினாமா பண்ணலை'ன்னு."

எல்லோரும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

மேலே, உச்சிவரை கரியான ஒரு மரத்தருகே வழிகாட்டி நின்றாள்.

"இங்க மட்டும் பேசமாட்டாரு. எரிஞ்ச கட்டையை உள்ளுக்குள்ள வண்டுப்புழு கடிக்குமாம். அதைத் தின்னத்தான் மரங்கொத்தி திரும்ப வருது. காதை வெச்சுக் கேளுங்கம்பாரு. பொய் சொல்லக் கூடாது, எங்கள்ல ஒருத்தருக்கும் கேட்டதில்லை."

ஒவ்வொருவராக முயன்றார்கள். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் இருமினார், இன்னொருவர் செல்போனைப் பார்த்தார்.

அவள் போய்க் காதை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். பேசாத ஒன்றிடம் காத்திருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

கறக்.

நின்றது. பிறகு மறுபடியும், கறக், கறக்.

"கேக்குதா அண்ணி?"

பன்னிரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இல்லையே" என்றாள்.

"காதெல்லாம் கரி, தொடச்சுக்குங்க அண்ணி." வழிகாட்டி கைக்குட்டையை நீட்டினாள்.

"இருக்கட்டும்."

முடியை இழுத்து அந்தக் காதின்மேல் விட்டுக்கொண்டு, தொளதொள பூட்ஸோடு எல்லோருக்கும் முன்னால் இறங்கத் தொடங்கினாள்.