அண்ணன் ஓட்டிய ஊர்

அண்ணன் மூன்றாவது முறையாக வழி தவறிப் போன அன்று அண்ணி எனக்குப் போன் செய்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை. நிதானமாகப் பேசினாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவரை மறதிக்காரங்களைப் பாத்துக்கிற விடுதியில சேர்த்துடுவேன். பூட்டு போட்ட இடம்தான். என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ. எனக்கு உடம்புல தெம்பில்ல."

அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் ரொட்டி வேன் ஓட்டியவன். எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தக் கடையின் பின்கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு மூளை சுருங்கும் நோய். வீட்டுக்கும் முனைக்கடைக்கும் நடுவில் இருக்கும் நூறடியில் வழி தெரியாமல் நின்றான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். கெட்டுப்போன கண் திரும்பி வராது என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்லுகிற வாய் இது. சொந்த அண்ணன் என்று வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்கோ ஓடிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் முன்பு விளையாடிய பழைய வீடியோ கேம் ஞாபகம் வந்தது. கார் திருடுகிற கேம். ஓர் ஊர் முழுக்க இஷ்டத்துக்குத் திரியலாம். ரோட்டில் நிற்கும் எந்தக் காரின் கதவையும் திறந்து, ஓட்டுகிறவனை இழுத்து வெளியே போட்டுவிட்டுக் கிளம்பலாம். அப்புறம் கொள்ளை, துப்பாக்கிச் சூடு, போலீஸ் துரத்தல். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுடுவதைப் பார்த்து நான் பயந்து அழுததால் அண்ணன் எனக்காகக் கதையையே மாற்றிவிட்டான். மணிக்கூண்டு வைத்த கட்டடம் என் ஸ்கூல். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. எவனுடைய காரையாவது பிடுங்கிக்கொண்டு போய் ஸ்கூல் வாசலில் ஹாரன் அடிப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் "ஏறிட்டேன்" என்று சொல்ல வேண்டும். வழியில் சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்பான். கார் திருடன் சிக்னலில் நிற்பதைப் பார்த்து அவனுடைய நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. அம்மா வேலை முடிந்து வர ஏழு மணியாகும். அதனால் மூன்றரைக்கெல்லாம் ரொட்டி வேன் என் ஸ்கூல் வாசலில் நிற்கும்.

அந்தக் கேமைப் பளபளவென்று மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். பழகிய தெருக்களைப் பார்த்தால் அவன் புத்தி தெளியுமோ என்று அதைத்தான் முதலில் வாங்கிப் போனேன். அண்ணன் ஒரு நிமிடம் டிவியைப் பார்த்தான். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான்.

"மூடுபனி எங்க?" என்றான்.

பழைய மெஷினுக்குத் தூரத்தில் இருப்பதை வரையச் சக்தி போதாது. அதனால் ஊர் முழுக்கப் பனிமூட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். புதியதில் பனி இல்லை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. இவ்வளவு சின்ன ஊரிலா நாங்கள் அத்தனை நாள் சுற்றினோம் என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"இது நம்ம ஊர் இல்ல" என்றான் அண்ணன்.

விடுவேனா? ரிப்பேர் கடை ரிப்பேர் கடையாக அலைந்து, பழைய மெஷினையும் கீறல் விழுந்த பழைய டிஸ்க்கையும் தேடிப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் மாட்டினேன். பனிமூட்டத்தோடு ஊர் வந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஸ்கூல் விட்டாச்சு, கிளம்பு" என்றேன்.

"பாலத்து மேல வேணாம். போலீஸ் நிப்பான். மீன் மார்க்கெட் பின்னால ஒரு சந்து இருக்கு."

இருந்தது. பனிக்குள் எதுவுமே தெரியாத இடத்தில் சரியாகத் திருப்பினான். மணிக்கூண்டு வந்தது, ஹாரன் அடித்தான். "ஏறிட்டேன்" என்றேன். அண்ணி சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள். "பாத்ரூம் எங்கன்னு தெரியாத மனுஷன், இதை மட்டும் எப்படிப் பண்றார்?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அன்று முதல் தினமும் போனேன். தினமும் அதே கேம், அதே பேச்சு. அண்ணன் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டான், நாலு வார்த்தை சேர்த்துப் பேசினான். டாக்டரிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அவருக்குப் பிடிச்சிருந்தா விளையாடட்டும். ஆனா அதை நம்பி வீட்டுல எதையும் மாத்தாதீங்க" என்றார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். அண்ணன் கண்ணில் படாத உயரத்தில் வாசல் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தாள் அண்ணி. இனிமேல் அது எதற்கு, சிறை மாதிரி இருக்கிறது என்று சொல்லி அதைக் கழற்ற வைத்தவள் நான்தான்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்குமேல், அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

சிக்னலில் ஒரு கார் நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் வயதான மனிதர். அண்ணன் கதவைத் திறந்து, "கொஞ்சம் இறங்குங்க, தங்கச்சிக்கு ஸ்கூல் விட்டுடுச்சு" என்று மரியாதையாகத்தான் சொன்னானாம். அவர் இறங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, தோளைப் பிடித்து இழுத்து, ரோட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான். பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் அதிக தூரம் போகவில்லை. அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நின்றுவிட்டான். பின்னால் ஓடி வந்தவர்கள் அங்கேயே அவனைப் பிடித்து அடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் காவல் நிலைய அதிகாரி. நான் கடையிலிருந்து போட்ட ஏப்ரனோடு ஓடியிருந்தேன்.

"வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா. பூட்டுற வசதி இருக்கிற இடம்னா இங்கிருந்து நேரா அனுப்பலாம். இல்லைன்னா வழக்கு வேற மாதிரி போகும்."

அண்ணியின் தலைமுடி இன்னும் ஈரமாகவே இருந்தது. விடுதியின் எண்ணை அவள் முன்பே பையில் வைத்திருந்தாள். காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னேன்னு நம்பிட்டேன்."

அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அண்ணன் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கி, சட்டைப் பை கிழிந்து தொங்கியது. முகத்தில் மட்டும் கவலையே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுததைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அழாதீங்க மேடம். இங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. துப்பாக்கி இருந்தா பிடுங்கிப்பாங்க, அவ்வளவுதான். அப்புறம் வாசல்ல கொண்டு வந்து விட்டுடுவாங்க. மறுபடியும் முதல்லேர்ந்து கிளம்ப வேண்டியதுதான்."

அந்தக் கேமில் போலீஸ் பிடித்தால் அப்படித்தான் நடக்கும். என்னை மேடம் என்கிறானே என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டான்.

"என் அண்ணனை."

"வந்துடுவார். எல்லாரையும் விட்டுடுவாங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தான். "நானும் சீக்கிரம் போகணும். என் தங்கச்சி ஸ்கூல் வாசல்ல தனியா நிப்பா. சின்னப் பொண்ணு, பயப்படுவா."

ஐந்து மணிக்கு விடுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவனை வெளியே நடத்தினார்கள். படிக்கட்டில் வெயில் முகத்தில் பட்டதும் அண்ணன் நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தீங்களா மேடம்? வாசல்ல விட்டுட்டாங்க."

விடுதி வேனின் பின்கதவைத் திறந்து ஏறச் சொன்னார்கள். அவன் அவர்கள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, ஓட்டுகிறவனுடைய கதவை நோக்கி நடந்தான்.